ஊஞ்சலுக்குத் தார்

ஓஸ்மோ ஊஞ்சலுக்குத் தார் பூசிவிட்டான் என்ற செய்தி, காலைக் காப்பி ஆறுவதற்குள் தோட்டக் குடியிருப்பு முழுக்கப் பரவிவிட்டது. உலகத்தின் வடகோடியில் இருக்கிற ஔலு நகரத்து ஆற்றோரம் எங்களுக்கு எண்பத்து நாலு மனைகள். மனைக்கு ஒரு ஒற்றை அறை மரக்குடில், நாலு பாத்தி உருளைக்கிழங்கு, வேலியோரம் பெர்ரிப் புதர். மே மாதம் குழாயில் தண்ணீர் திறந்ததும் வருவோம், செப்டம்பர் கடைசியில் அடைத்ததும் நகரத்து வீட்டுக்குத் திரும்புவோம். இடைப்பட்ட நாட்களில் யார் பாத்தியில் வெங்காயம் முளைத்தது, யார் பாத்தியில் முளைக்கவில்லை என்பதுவரை எல்லாருக்கும் தெரியும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

இது ரோட்டுக்குப் போடும் தார் இல்லை. பைன் மரத்து வேர்க்கட்டைகளை மண்ணுக்குள் மூட்டம் போட்டு வடிப்பது. தேனாக ஒழுகும், புகை மணக்கும். படகுக்குப் பூசலாம், கூரைக்குப் பூசலாம், வேலிக்காலுக்குப் பூசலாம். உட்காரும் பலகைக்கு மட்டும் பூசக்கூடாது. வெயில் பட்டால் இளகும், இளகினால் ஒட்டும், ஒட்டினால் கால்சட்டையைக் காணிக்கை வைத்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். ஓஸ்மோவோ முப்பத்து நாலு வருடம் பெயிண்ட் கடையில் நின்றவன். அவனைக் கேட்காமல் எங்களில் யாரும் டப்பா திறந்ததில்லை.

கேட்கப் போனால் அவன் மரத்தைப் பற்றிக் கேட்கமாட்டான், நிறத்தைப் பற்றியும் கேட்கமாட்டான். "எப்போ உட்காரணும்?" என்று ஒன்றுதான் கேட்பான். இன்றைக்கே என்றால் ஒரு டப்பா, அடுத்த வாரம் என்றால் வேறு டப்பா. அப்படிப்பட்டவன் பண்ணிய காரியம் இது.

ஊஞ்சல் என்றால் கயிற்றில் தொங்குவது இல்லை. எங்கள் ஊஞ்சல் ஒரு சின்ன மர வீடு. எதிரும் புதிருமாக இரண்டு பெஞ்சு, நடுவில் கால் வைக்க ஒரு பலகை, மேலே சட்டம். காலால் மெல்ல உந்தினால் இரண்டு பெஞ்சும் சேர்ந்தே போய்ச் சேர்ந்தே வரும். உட்கார்ந்தவர்கள் முழங்கால் இடிக்காமல் இருப்பதற்குக் கொஞ்சம் ஜாக்கிரதை வேண்டும். ஓஸ்மோவின் நாற்பத்திரண்டாம் மனைக்கும் ஹெல்வியின் நாற்பத்தோராம் மனைக்கும் நடுவில், வேலியில் விட்ட இடைவெளியில், பாதி இங்கும் பாதி அங்குமாக அது இருபத்திரண்டு வருடமாக நிற்கிறது.

ஹெல்வியின் கணவன் இறந்து ஆறு வருடம் ஆகிறது. ஓஸ்மோவின் மனைவி அவனை விட்டுப் போனது அதற்கும் வெகுமுன்பு. சாயங்காலத்தில் இருவரும் அந்த ஊஞ்சலில் எதிரெதிரே உட்கார்ந்து காப்பி குடிப்பார்கள். பேச்சு அதிகம் இருக்காது. எங்கள் ஊரில் பேசாமல் உட்கார்ந்திருக்க முடிகிறவர்களைத்தான் நெருங்கியவர்கள் என்போம். நின்றுகொண்டு பேசுவதென்றால் மழையும் உருளைக்கிழங்கும் மட்டும். சாவு, கல்யாணம், மனை விற்பது எல்லாம் ஊஞ்சலில் உட்கார்ந்துதான். நின்றபடி சொன்னால் அந்தச் சொல்லுக்கு எடை இல்லை.

அந்த மே மாதம் ஊஞ்சலின் பழைய பெயிண்ட் உரிந்து செதில் செதிலாகத் தொங்கியது. இருவரும் ஐந்து நாள் சுரண்டினார்கள். கடைசிப் பலகையை உப்புத்தாளால் தேய்த்து முடித்தபோது மரம் புதுசாக அறுத்ததுபோல வெளுத்திருந்தது. ஹெல்வி தலைத்துண்டை அவிழ்த்துத் தூசியை உதறினாள்.

"ஜார்க்கோ கூப்பிடறான்," என்றாள். ஜார்க்கோ அவள் மகன், கடலுக்கு அந்தப்பக்கம் ஸ்வீடனில் வெஸ்டெரோஸில் இருக்கிறான். "கீழ்த்தளத்துல ஒரு ரூம் இருக்காம். இங்க எல்லாத்தையும் விட்டுட்டு வந்துடும்மாங்கறான்."

ஓஸ்மோ உப்புத்தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"முடிவ நின்னுகிட்டுச் சொல்ல வேணாம். பெயிண்ட் அடிங்க. காஞ்சதும் உக்காந்து சொல்றேன்," என்றாள் ஹெல்வி.

அவன் தலையை ஆட்டினான். போகாதே என்று அப்போதே சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு சொல். அதைச் சொல்ல வாய் வராமல்தான் மறுநாள் காலை பஸ் பிடித்து, தான் வேலை பார்த்த கடைக்கே போனான். இந்த மாதிரி ஆண்பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஆனாலும் ஓஸ்மோமேல் அதை நெடுநேரம் வைத்திருக்க முடிவதில்லை.

கடை அலமாரி முன்னால் அவன் அரை மணி நேரம் நின்றான். டப்பாக்களை அவன் நிறம் பார்த்துப் படிக்கவில்லை, மணி பார்த்துப் படித்தான். தண்ணீரில் கரையும் மர எண்ணெய், காய இரண்டு மணி நேரம். அதைக் கையில் எடுத்தான். காலையில் பூசினால் மத்தியானமே ஹெல்வி காப்பியோடு வந்து உட்கார்ந்துவிடுவாள். திரும்ப வைத்துவிட்டான். மரத்தின் வரி தெரியும்படியான மெல்லிய சாயம், ஒரு நாள். நாளைக்கே போகிறேன் என்பாள். ஆளிவிதை எண்ணெயில் குழைத்த பழங்காலத்துப் பெயிண்ட், மூன்று கை பூச வேண்டும், கைக்கு மூன்று நாள். ஒன்பது நாள் கணக்கு அவனுக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் பத்தாவது நாள் என்று ஒன்று இருக்கிறதே.

அலமாரியின் அடித்தட்டில் படகுச் சாமான்களுக்குப் பக்கத்தில் தார் டப்பா இருந்தது. காயும் நேரம் என்ற இடத்தில் மணியும் இல்லை, நாளும் இல்லை. "வானிலையைப் பொறுத்தது" என்று மட்டும் அச்சடித்திருந்தது. அவன் இரண்டு டப்பா வாங்கினான்.

தாரை இளக்க ஆளிவிதை எண்ணெய் கலப்பது வழக்கம். காய்ச்சிய எண்ணெய் கலந்தால் சீக்கிரம் இறுகும் என்று ஆயிரம் பேருக்குச் சொல்லிக் கொடுத்தவன், காய்ச்சாத எண்ணெயைக் கலந்தான். அதுவும் தாராளமாக. வெதுவெதுப்பாகச் சூடாக்கி, பிரஷ்ஷால் பலகையின் ஓட்டத்தோடு இழுத்தான். வெளுத்த மரம் அதைக் குடித்துப் பழுப்பானது. புகை மணம் வேலி தாண்டிப் போனது, பின்னாலேயே ஹெல்வியும் வந்தாள்.

"தாரா?"

"தார்தான்."

"உக்கார்ற பலகைக்கா?"

"மரத்துக்கு இதவிட நல்லது இல்ல. கப்பலுக்கெல்லாம் இதான்."

"இது எந்தக் கடலுக்குப் போகப் போவுது?" என்று கேட்டாள் ஹெல்வி. அவன் பிரஷ்ஷை மறுபடி தாரில் தோய்த்ததும் உள்ளே போய்விட்டாள்.

மற்றவர்கள் அவ்வளவு சுலபத்தில் விடவில்லை. குடியிருப்புச் செயலாளர் ரௌனி சைக்கிளை நிறுத்திவிட்டு ஊஞ்சலை இரண்டு சுற்று சுற்றிப் பார்த்தாள்.

"என்னய்யா ஓஸ்மோ, சௌனா ஆவிக்குளியலுக்கும் சாராயத்துக்கும் தாருக்கும் கேக்காத நோய் சாவுலதான் முடியும்னு சொல்லுவாங்க. மத்த ரெண்டும் உனக்குக் கேக்கலையா, தாருக்கு வந்துட்ட?"

ஓஸ்மோ பிரஷ்ஷைத் துடைத்தபடி மழை வருமா என்று வானத்தைப் பார்த்தான். ரௌனி போகிற வழியில் எல்லார் வாசலிலும் சைக்கிளை நிறுத்தினாள். பெயிண்ட்காரனுக்கு மூளை குழம்பிவிட்டது என்று ஒரு கட்சி, இதில் ஏதோ தொழில் ரகசியம் இருக்கிறது என்று ஒரு கட்சி. இரண்டாவது கட்சிக்காரர் ஒருவர் தன் பெஞ்சுக்கும் தார் பூசி, ஞாயிற்றுக்கிழமை விருந்தாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அப்புறம் ஜூன் வந்தது. எங்கள் ஜூனில் சூரியன் போவதாகப் பேர் பண்ணிவிட்டு அடிவானத்தில் ஒரு முழுக்குப் போட்டு வந்துவிடும். நேற்று எங்கே முடிந்தது, இன்று எங்கே தொடங்கியது என்று சொல்ல முடியாது. ஓஸ்மோவுக்கு அந்த வெளிச்சத்தில் ஒரு எண்ணம் வேரூன்றியது. தார் காயாதவரை கோடை முடியாது. கோடை முடியாதவரை ஹெல்வி அடுத்த மனையில்தான் இருப்பாள். கணக்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது.

எழுந்ததும் முதல் வேலையாக வெறுங்காலோடு புல்லில் நடந்துபோய்ப் பலகையில் விரலை வைப்பான். விரல் ஒட்டும். பழுப்பு வட்டம் ஒன்று விரல்நுனியில் பதிந்திருக்கும். அன்றைக்கு நிம்மதி. நாள் முழுக்க அந்த மணம் அவன் கூடவே வரும், கீரை நறுக்கும்போதும், படுத்துக்கொண்டு கூரையைப் பார்க்கும்போதும். அரைத்தூக்கத்தில் ஊஞ்சல் தானாக ஆடுகிற சத்தம் கேட்கும். ஆளில்லாத இரண்டு பெஞ்சும் சேர்ந்தே போய்ச் சேர்ந்தே வருகிற சத்தம். ஹெல்வியின் பக்கத்துப் பலகையை அவன் மனதுக்குள் தடவிக்கொடுப்பான்.

ஊஞ்சலில் உட்கார வந்தது மனிதர்கள் இல்லை, கோடை. டேன்டேலியன் பஞ்சு வந்து ஒட்டியது. லைலக் பூ உதிர்ந்து நாலு நாலு இதழாக ஒட்டியது. கொசுக்கள், ஒரு நீல இறகு, பிர்ச் மரத்துப் பொடி விதைகள், எங்கிருந்தோ பறந்துவந்த உருளைக்கிழங்குப் பூ. அவன் எதையும் எடுத்துப் போடவில்லை. சில நாள் மத்தியானம் குனிந்து நின்று, எழுத்துக் கூட்டிப் படிப்பவனைப் போல அதையே பார்த்துக்கொண்டிருப்பான். வெயில் தொடர்ந்து அடித்துத் தார் கொஞ்சம் இறுகுவதுபோலத் தெரிந்தால், ஹெல்வி கடைக்குப் போன நேரம் பார்த்து மெல்லிசாக இன்னொரு கை இழுத்துவிடுவான்.

காப்பி நின்றுபோகவில்லை. வேலிக்கு இந்தப்பக்கம் அவனும் அந்தப்பக்கம் அவளுமாக நின்றுகொண்டே குடித்தார்கள். ஆகவே பேச்சும் உருளைக்கிழங்கைத் தாண்டவில்லை. வாரத்துக்கு ஒருமுறை அவள், "காஞ்சிடுச்சா?" என்பாள். அவன் விரலை வைத்துப் பார்த்து, பழுப்பு நுனியைத் தூக்கிக் காட்டி, "இன்னும் ரெண்டு நாள்," என்பான்.

யுஹன்னுஸ் வந்தது, எங்கள் நடுக்கோடைத் திருநாள். வாசல்தோறும் இளம் பிர்ச் மரங்களை வெட்டி நட்டிருந்தோம். அன்று காலை ஹெல்வி புது நீலச் சட்டை போட்டிருந்தாள். தட்டில் ஏலக்காய் ரொட்டியும் இரண்டு கோப்பையும் எடுத்துக்கொண்டு வேலியோரம் வந்தாள்.

"இன்னிக்காவது உக்காரலாமா?"

ஓஸ்மோ விரலைத் தூக்கிக் காட்டினான். அவள் அந்த விரலை நெடுநேரம் பார்த்தாள். பிறகு தட்டோடு திரும்பிப் போய்த் தன் குடில் படியில் உட்கார்ந்தாள். ஒரு கோப்பையில் காப்பி ஊற்றினாள், மற்றது அப்படியே இருந்தது. ஓஸ்மோ சன்னல் திரைக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்தான், பார்த்து, இன்னொரு நாளும் தப்பித்தோம் என்றுதான் நினைத்தான்.

ஜூலை கடைசியில் ஒரு நாள் அவள் ரௌனியின் அலுவலகக் குடிலுக்குப் போய்வந்தாள். தண்ணீர்க் கட்டணமாக இருக்கும் என்று ஓஸ்மோ எண்ணிக்கொண்டான். அதற்கப்புறம் அவள், காய்ந்துவிட்டதா என்று கேட்பதில்லை. அவன் அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். ஓஸ்மோ விஷயத்தில் தலைகீழ், பேயே எதிரில் வந்து நின்றாலும் அவன் வெளிச்சம் என்றான்.

ஆகஸ்டில் இருட்டு திரும்ப வந்தது. பெர்ரியைப் பறித்தோம், கிழங்கைத் தோண்டினோம். செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை காலை புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடந்தது. ஓஸ்மோ பூட்ஸ் போட்டுக்கொண்டு போய்ப் பலகையில் விரலை வைத்தான். எடுத்தான். விரல் சுத்தமாக இருந்தது. இன்னொரு இடத்தில் வைத்தான், பிறகு உள்ளங்கையையே வைத்து அழுத்தினான். குளிரில் தார் கல்லாகியிருந்தது. அதற்குள் பஞ்சும் இதழும் இறகும் அசையாமல் கிடந்தன.

டப்பாவில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அவன் பிரஷ்ஷை எடுக்கத் திரும்பினான். வேலிக் கதவருகே ஹெல்வி நின்றிருந்தாள். வெளிர் நிறப் பயணக் கோட்டு, கையில் காப்பி பிளாஸ்க்.

"காஞ்சிடுச்சு போல," என்றாள்.

"ஆமா," என்றான் ஓஸ்மோ. கறைபடாத தன் கையைப் பார்த்த பிறகு பொய் சொல்ல முடியவில்லை.

இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அவள் காப்பி ஊற்றினாள். அவன் காலால் மெல்ல உந்தினான், ஊஞ்சல் நாலு மாதத்துக்கு அப்புறம் நகர்ந்தது. கோப்பையிலிருந்து ஆவி ஒருமுறை அவன் பக்கமும் ஒருமுறை அவள் பக்கமுமாகச் சாய்ந்தது. சூரியன் கூரைகளுக்கு மேல் ஏறி அவர்கள் மடியில் விழுந்தது. முதல் கோப்பை முடியும்வரை ஒரு வார்த்தை இல்லை. ஓஸ்மோவுக்கு அது போதும் போலிருந்தது, இப்படியே போய்க்கொண்டிருந்தால் போதும் என்று இருந்தது.

"மே மாசமே முடிவு பண்ணிட்டேன்," என்றாள் ஹெல்வி. "இங்கயே இருக்கேன்னு. ஜார்க்கோவுக்கு என்ன எழுதறதுன்னுகூட யோசிச்சு வச்சிருந்தேன். மொதல்ல உங்ககிட்ட சொல்லிட்டு எழுதலாம்னு இருந்தேன்."

ஊஞ்சல் போய் வந்தது.

"நீங்க தார் பூசினீங்க. கேக்கறப்பல்லாம் விரலக் காமிச்சீங்க. இந்த மனுஷனுக்கு நாம எதிர்ல வந்து உக்காரறதே புடிக்கல போலன்னு நெனச்சேன். யுஹன்னுஸ் அன்னிக்கு நிச்சயமே பண்ணிட்டேன். நீங்களும் வேணாம்னா எனக்கு இங்க யாரு?"

"காய்ச்சாத எண்ணெய் கலந்தா வெயில்ல..." என்று தொடங்கினான் ஓஸ்மோ. கடையில் பேசிப் பழகிய வாய். நிறுத்திக்கொண்டான். "பயந்துட்டேன். நீங்க போறேன்னு சொல்லிடுவீங்கன்னு."

ஹெல்வி அவனைப் பார்த்தாள். அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தான், கொஞ்ச நேரம் சிரிப்பாகவும் இருந்தது.

"சீக்கிரம் காயற டப்பா ஒண்ணுகூடவா கடையில இல்ல?"

"இருந்துச்சு. ரெண்டு மணி நேரத்துல காயறது. அதத்தான் மொதல்ல எடுத்தேன்."

அவள் கோட்டுப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள். ஒரு மனிதனைத் திட்ட இதைவிட வேறென்ன காரணம் வேண்டும்? அவள் திட்டவில்லை. ஓஸ்மோ கோப்பையைப் பலகையில் வைத்துவிட்டு, அறுபத்தாறு வயதில், அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னான்.

"போகாத, ஹெல்வி."

"ஜூலையிலயே ரௌனிகிட்ட எழுதிக் குடுத்துட்டேன். காத்திருந்தவங்கள்ல மொதல் ஆளுக்கு மனையக் குடுத்தாச்சு. நாளைக்கிக் கப்பல்." அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "ஜார்க்கோ ரூமுக்குப் பெயிண்ட் அடிச்சிட்டான்."

"என்ன பெயிண்ட்?" என்று கேட்டுவிட்டான் ஓஸ்மோ.

"தெரியல. ஒரே நாள்ல காஞ்சிடுச்சாம்."

ஆறின கஞ்சி பழங்கஞ்சி. இருந்தும் இருவரும் எழுந்திருக்கவில்லை. பிளாஸ்க் காலியாகும்வரை குடித்தார்கள். வெயில் உறைத்தது, புல்லில் உறைபனி உருகி நீரானது. ஒருமுறை முழங்கால் முழங்காலில் இடித்தது, இருவருமே நகர்த்திக்கொள்ளவில்லை. பத்து மணி பஸ்ஸுக்கு நேரம் ஆகிவிட்டது என்று கடைசியில் ஹெல்விதான் எழுந்தாள்.

எழ முடியவில்லை. உட்கார்ந்த சூட்டிலும் வெயிலிலும் தார் இளகி, கோட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஓஸ்மோ எழுந்து, தன் கால்சட்டை என்ன ஆனது என்றும் பாராமல், கை கொடுத்தான். துணி பிரிகிற சத்தம் கேட்டது. அவள் கோட்டைத் திருப்பிப் பார்த்தாள். வெளிர் துணியில், பலகைகளின் அகலத்துக்கு, மூன்று பழுப்புப் பட்டைகள். நடுப்பட்டையில் இரண்டு லைலக் இதழும் ஒரு துணுக்குப் பஞ்சும் இருந்தன.

"இது போகுமா?" என்று கேட்டாள்.

தார்க்கறைக்கு வெண்ணெய் தடவ வேண்டும். தடவி, ஒரு மணி நேரம் ஊறவிட்டு, சோப்புப் போட்டால் தடம் தெரியாமல் போய்விடும். முப்பத்து நாலு வருடத்தில் இந்தக் கேள்விக்கு ஓஸ்மோ எத்தனை பேருக்குப் பதில் சொல்லியிருப்பான் என்று கணக்கே இல்லை. கடையில் நின்ற காலத்தில் ஒருவருக்கும் அவன் தப்பான யோசனை சொன்னது கிடையாது.

"போகாது," என்றான்.

ஹெல்வி பிறந்தது உள்நாட்டுக் கைனூவில். தலைமுறை தலைமுறையாகத் தார் வடித்த சீமை அது. தாருக்கு வெண்ணெய் என்று தெரியாமல் அங்கே ஒரு பெண்ணும் வளர்ந்ததில்லை. அவள் கோட்டை நேராக இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"சரி," என்றாள். "இருந்துட்டுப் போகட்டும்."